ஏலத்தில் ஜெயித்தால் ஏன் கையைக் கடிக்கிறது?

நியூயார்க் மெட்ஸ் அணி 2024 டிசம்பரில் ஹுவான் சோட்டோ என்ற பேஸ்பால் வீரரை 15 ஆண்டுகளுக்கு 76.5 கோடி டாலருக்கு எடுத்தது. நம் பணத்தில் சுமார் 6,500 கோடி ரூபாய். "ஒரு மனிதர் பந்தடிப்பதற்கு இவ்வளவா? கணக்குப் போட்டுத்தான் கொடுக்கிறார்களா, இல்லை வீம்புக்கா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். கணக்குப் போட்டுத்தான் கொடுக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், எல்லா அணிகளும் ஒழுங்காகக் கணக்குப் போட்டாலும் ஜெயிக்கிற அணிக்குத்தான் பெரும்பாலும் கையைக் கடிக்கும்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கப் பெரிய லீகில் ஒரு வீரர் ஆறு ஆண்டுகள் ஆடி முடிக்கும்வரை அவரை வைத்திருக்கும் அணிக்கே அவர் சொந்தம். அதன்பிறகு அவர் ஃப்ரீ ஏஜென்ட், யாரிடம் வேண்டுமானாலும் பேரம் பேசலாம். 1975இல் தொழில் தகராறு நடுவர் ஒருவரின் தீர்ப்பு வரும்வரை இந்த உரிமையும் கிடையாது. அணிகள் விலை போடும் விதம் எளியதுதான். சாதாரண மாற்று ஆட்டக்காரர் ஒருவரோடு ஒப்பிட்டால் இவரால் ஆண்டுக்கு எத்தனை வெற்றி கூடும், ஒரு வெற்றிக்கு எத்தனை டாலர் தரலாம், வயது ஏற ஏற ஆட்டம் எவ்வளவு தேயும் என்று பார்த்துப் பெருக்குகிறார்கள். பேட்டர்கள் பொதுவாக இருபதுகளின் பிற்பகுதியில் உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்குவார்கள். சோட்டோ 26 வயதிலேயே சந்தைக்கு வந்தார். அதனால்தான் அந்த விலை.

இனிதான் எனக்குப் பிடித்த இடம். ஒரு வீரரின் உண்மையான மதிப்பு 100 என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தம் முடிந்த பிறகுதான் அது தெரியவரும். இப்போது யாருக்கும் தெரியாது. பத்து அணிகள் தனித்தனியாக மதிப்பிடுகின்றன. யாரும் முட்டாள் இல்லை. சில அணிகள் 90 என்கின்றன, சில 110 என்கின்றன. எல்லாவற்றின் சராசரி சரியாக 100, திட்ட விலக்கம் (மதிப்பீடுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) 15. ஆனால் வீரர் சராசரி மதிப்பீட்டுக்குப் போவதில்லையே! எல்லோரையும்விட அதிகமாக ஆசைப்பட்டவர் பக்கம் போகிறார். இயல்புப் பரவலின்படி பத்துப் பேரில் உச்ச மதிப்பீடு சராசரியாக 123 வரும். இரண்டே அணிகள் போட்டியிட்டால் 108. லீகின் 30 அணிகளும் குதித்தால் 131. ஒவ்வொரு மதிப்பீடும் தனியாகப் பார்த்தால் நேர்மையானது. ஆனால் ஏலம் என்கிற சல்லடை, மேல்பக்கமாக அதிகம் தவறியதை மட்டும் பொறுக்கி எடுத்து "நீதான் ஜெயித்தாய்" என்கிறது. இதற்குப் பெயர் வெற்றியாளரின் சாபம்.

இதை முதலில் எழுதி வைத்தவர்கள் பொருளியல் பேராசிரியர்கள் அல்ல. அட்லாண்டிக் ரிச்ஃபீல்டு எண்ணெய் நிறுவனத்தின் பொறியாளர்களான கேப்பன், கிளாப், கேம்ப்பெல் மூவரும் 1971இல் எழுதினார்கள். மெக்சிகோ வளைகுடாவில் போட்டி போட்டு ஏலம் எடுத்த எண்ணெய் வயல் துண்டங்களில் எதிர்பார்த்த லாபம் ஏன் வரவில்லை என்று ஆராய்ந்தபோது சிக்கியது இது. 1980இல் காசிங், டக்ளஸ் என்ற இருவர் இதையே பேஸ்பாலில் பொருத்திப் பார்த்து, ஃப்ரீ ஏஜென்டுகளுக்கு அணிகள் கூடுதலாகக் கொடுப்பதைக் காட்டினார்கள். பேசர்மன், சாமுவேல்சன் 1983இல் வெளியிட்ட சோதனை இன்னும் சுவையானது. 8 டாலர் பெறுமானமுள்ள சில்லறை ஜாடியைக் காட்டி எம்பிஏ மாணவர்களிடம் ஏலம் விட்டார்கள். மதிப்பீடுகளின் சராசரி வெறும் 5.13 டாலர், அதாவது பொதுவாகக் குறைத்தே மதித்தார்கள். அப்படியும் ஜெயித்த தொகைகளின் சராசரி 10.01 டாலர்!

தப்பிக்க வழி உண்டு. "நான் ஜெயித்தால், மற்ற எல்லோரும் என்னைவிடக் குறைவாக மதித்திருக்கிறார்கள் என்றுதானே பொருள்?" என்று ஏலம் கேட்பதற்கு முன்பே யோசித்து, அதற்கேற்பத் தொகையைக் குறைக்க வேண்டும். போட்டியாளர்கள் கூடக் கூட இன்னும் அதிகமாகக் குறைக்க வேண்டும். மனம் நேர்மாறாகத்தான் துடிக்கும். இந்தத் தர்க்கத்தைக் கணிதமாக்கியவர் ராபர்ட் வில்சன். எல்லோரும் பார்க்க நடக்கும் ஏலத்தில் மற்றவர்கள் விலகும் விலையே ஒரு தகவல், அதனால் சாபத்தின் வீரியம் குறையும் என்று காட்டியவர் பால் மில்குரோம். இருவருக்கும் 2020இல் நோபல் கிடைத்தது. தொடக்கத்தில் வெறும் தாள் கணக்காக இருந்த இந்த ஆய்வுதான் பிறகு அலைக்கற்றை ஏலங்களுக்கு அடித்தளமானது. இந்தியா 2010இல் 3ஜி அலைக்கற்றையை ஏலம் விட்டு 67,000 கோடி ரூபாய்க்கு மேல் ஈட்டியது. ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால் "உடனடிப் பயன் என்ன?" என்று படிவத்தில் கட்டம் கட்டிக் கேட்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

பேஸ்பாலுக்கே வருகிறேன். ஐபிஎல் போலப் பலகை தூக்கும் ஏலம் அங்கே இல்லை. சோட்டோவின் ஏஜென்ட் ஸ்காட் போராஸ் போன்ற ஒருவர் நடுவில் நிற்கிறார். எல்லோர் தொகையும் தெரிந்தவர் அவர் மட்டுமே. அதைவிட மோசம், ஜப்பானிய வீரர்களுக்கு இருந்த, அணிகள் தொகையை ரகசியமாக எழுதிக் கொடுக்கும் மூடிய உறை முறை. 2006இல் டைசுகே மட்சுசாகா என்ற பந்துவீச்சாளரிடம் பேசும் உரிமைக்கு மட்டும் பாஸ்டன் ரெட் சாக்ஸ் எழுதிக் கொடுத்த தொகை 5,11,11,111 டாலர் 11 சென்ட். அடுத்த இடத்தில் இருந்த தொகை ஏறத்தாழ 4 கோடி என்று அப்போது செய்திகள் வந்தன. அந்த ஒன்று, ஒன்று, ஒன்றைப் பார்த்தால் நம் ஊர் எண் ஜோதிடர்கள் ஓடி வருவார்கள். தேவையில்லை. மற்றவர்கள் முழு எண்ணாகத்தான் எழுதுவார்கள் என்றால், மொய்க்கு ஒரு ரூபாய் சேர்ப்பதுபோல் கொஞ்சம் கூட்டி எழுதுவது நல்ல உத்தி. வீண் போனது அந்தச் சில்லறை அல்ல, இரண்டாம் இடத்துக்கும் முதல் இடத்துக்கும் இடையிலான ஒரு கோடிக்கு மேற்பட்ட டாலர். அவருடைய சம்பளமோ தனியாக 5.2 கோடி. முதல் இரண்டு ஆண்டுகள் நன்றாகவே வீசினார். பிறகு காயங்கள் துரத்தின.

சாபம் பலிக்க வீரர் சொதப்ப வேண்டும் என்பதுகூட இல்லை. 2000இல் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் 25.2 கோடிக்கு எடுத்த அலெக்ஸ் ரோட்ரிகஸ் மூன்று சீசன்களும் அபாரமாக ஆடினார். அணி மூன்று முறையும் தன் பிரிவில் கடைசி. மீதிச் சம்பளத்தில் 6.7 கோடியைத் தானே தருவதாக ஒப்புக்கொண்டு அவரை நியூயார்க்கின் இன்னொரு அணியான யாங்கீஸுக்குத் தள்ளிவிட்டது.

சோட்டோ விஷயம் வேறு மாதிரி. யாங்கீஸ் 16 ஆண்டுகளுக்கு 76 கோடி வரை வந்ததாகச் சொல்லப்பட்டது, இடைவெளி சொற்பம். இன்று எல்லா அணிகளிடமும் ஏறக்குறைய ஒரே தரவுதான் இருக்கிறது, அதனால் மதிப்பீடுகள் நெருங்கிவிட்டன. ஒரே தரவை வைத்து எல்லோரும் சேர்ந்து தவறலாம், அது தனிக்கதை. எனக்கு உறுத்துவது ஒப்பந்தத்தின் இன்னொரு வரி. ஐந்தாவது சீசன் முடிந்ததும் சோட்டோ விரும்பினால் விலகிக்கொள்ளலாம். அவரை நிறுத்த வேண்டுமானால் மெட்ஸ் மீதிப் பத்து ஆண்டுகளுக்கும் ஆண்டுக்கு 40 லட்சம் டாலர் கூட்டிக் கொடுக்க வேண்டும். நன்றாக ஆடினால் கேட்பார், ஆடாவிட்டால் பேசாமல் இருப்பார். இரண்டிலும் செலவு மெட்ஸுக்கே.