உள்ளே போட்டது வெளியே வருமா?

ஒரு இணையச் சேவையில் கணக்குத் திறக்க இரண்டு நிமிடம் போதும். பத்து வருடப் படங்களை அங்கிருந்து மூட்டை கட்டிக்கொண்டு கிளம்ப ஒரு வார இறுதிகூடப் போதாது. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் பயன்படுத்துகிறவர்கள் எந்த மென்பொருளைப் பார்த்தாலும், உள்ளே போட்டதை வெளியே எடுக்கும் எக்ஸ்போர்ட் பொத்தானைத் தேடுவதற்கு இதுதான் காரணம். பல தளங்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டபோது, தாங்கள் தொடர்ந்த தளங்களின் பட்டியலை ஓபிஎம்எல் என்ற பொது வடிவக் கோப்பாக எடுத்து வைத்தவர்கள் சில நிமிடத்தில் வேறு ரீடருக்கு மாறிக்கொண்டார்கள்.

மிகப் பெரிய தலைவலி படங்கள்தான். கூகுள் போட்டோஸிலிருந்து மொத்தமாக எடுக்க கூகுளின் டேக்அவுட் சேவை இருக்கிறது. அதில் ஒவ்வொரு ஜிப்பின் (சுருக்கிக் கட்டிய கோப்பின்) அளவையும் நாமே தேர்ந்தெடுக்கலாம். 2 ஜிபி என்று விட்டுவிட்டால் 100 ஜிபி படங்கள் ஐம்பது துண்டுகளாக வரும். 50 ஜிபி வைத்தால் இரண்டே துண்டு. ஆனால் இணைப்பு நடுவில் அறுந்தால் அவ்வளவும் போச்சு. 10 ஜிபி நடுவாந்தரமான அளவு.

துண்டுகள் கூடினால் என்ன? படத்தோடு ஒரு ஜேசான் கோப்பும் வரும். கூகுள் போட்டோஸில் நீங்கள் திருத்திய தேதி, சேர்த்த இடம், எழுதிய குறிப்பு எல்லாம் அதில்தான் இருக்கும், படக்கோப்புக்குள் இருக்காது. படம் 7ஆம் ஜிப்பிலும் அதன் ஜேசான் 8ஆம் ஜிப்பிலும் கிடப்பது சகஜம். ஆகவே எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் விரித்துவிட்டுத்தான் மற்ற வேலை.

கேமராவில் எடுத்த படத்துக்குள் கேமராவே பதித்த எக்ஸிஃப் தேதி அப்படியே இருக்கும், கவலையில்லை. வாட்ஸ்அப்பில் வந்த படங்களுக்கு அது இருக்காது; 2014இல் வந்த கல்யாணப் படம் போன வாரப் படங்களோடு போய் நிற்கும். எக்ஸிஃப்டூல் என்ற கருவியைக் கொண்டு ஜேசானில் உள்ள நேரத்தைப் படத்துக்குள் எழுதிவிடலாம். அந்த நேரம் 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய வினாடிகளாக, யுடிசி எனும் உலகப் பொது நேரக் கணக்கில் இருக்கும். உள்ளூர் நேரத்துக்கு மாற்ற மறந்தால் சில படங்கள் ஒரு நாள் தள்ளிப்போகும். மூலத்தில் கை வைக்காமல் முதலில் பத்துப் படங்களின் நகலில் முயன்று பாருங்கள்.

கூகுள் டிரைவுக்கு லினக்ஸில் அதிகாரபூர்வச் செயலி இல்லை. கணினிக்கும் இணையச் சேமிப்புக்கும் இடையே கோப்புகளை நகர்த்தும் ஆர்குளோனைப் பலரும் பயன்படுத்துகிறோம். அருமையான கருவி, கத்தி மாதிரி. அதன் 'சிங்க்' கட்டளை, போய்ச் சேரும் இடத்தை மூலத்தைப் போலவே ஆக்கிவிடும். மூலத்தில் இல்லாதது அங்கே இருந்தால் அழித்துவிடும். மூலக் கோப்புறையைத் தவறாகக் காலியான ஒன்றாகக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. 'காப்பி' கட்டளை அழிக்காது, சேர்க்க மட்டும் செய்யும்; ஆனால் அதுவும் மாறிய கோப்பைப் பழையதன் மேலேயே எழுதும். எதுவானாலும் 'டிரை ரன்' (எதையும் மாற்றாத ஒத்திகை) போட்டு என்னென்ன செய்யப்போகிறது என்று படித்துவிட்டு ஓடவிடுங்கள். சிங்க்கையே பேக்கப் என்று நம்புகிறவர்கள் இன்னும் ஏராளம்: இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், அது எப்படிப் பேக்கப் ஆகும்?

வேர்ட் கோப்பை லிப்ரெஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் திறந்தால் வரிகள் ஓடிப்போகின்றன என்பது பழைய புகார். பெரும்பாலும் குற்றவாளி எழுத்துருதான். கேலிப்ரி, கேம்ப்ரியா இரண்டும் மைக்ரோசாஃப்டுடையவை; லினக்ஸில் இருக்காது. அவற்றின் இடத்தில் அகலம் வேறான எழுத்துரு வந்தால் பக்கம் கலையும். கார்லிட்டோ, கலாடியா என்ற இலவச எழுத்துருக்கள் எழுத்துக்கு எழுத்து அதே அகலம் கொண்டவை. நிறுவினாலே பாதிப் புகார் போய்விடும். திருத்தத் தேவையில்லாத கோப்பை பிடிஎஃப் ஆக அனுப்பிவிடுங்கள்.

தமிழில் இன்னொரு படி உண்டு. பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் அடித்த பழைய கோப்பில் 'அம்மா' என்ற சொல்லே கிடையாது. நான்கு ஆங்கில எழுத்தும் நடுவில் ஒரு அரைப்புள்ளியும்தான் சேமிக்கப்பட்டிருக்கும்; எழுத்துரு அதற்குத் தமிழ் முகமூடி போடுகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் முகமூடி கழன்றுவிடும், தேடினாலும் எதுவும் கிடைக்காது. அந்த எழுத்துரு உங்களிடம் இருக்கும்போதே, எல்லா மொழிக்கும் பொதுவான குறியீடான யூனிகோடுக்கு மாற்றி, மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

உலாவியில் சேமித்த கடவுச்சொற்களை கீபாஸ்எக்ஸ்சி போன்ற கடவுச்சொல் பெட்டகங்களுக்கு மாற்றும்போது நடுவில் ஒரு சிஎஸ்வி கோப்பு (வெறும் எழுத்தாலான அட்டவணை) உருவாகும். அதில் எந்தப் பூட்டும் இல்லை. திறப்பவர் அத்தனையையும் படிக்கலாம். டவுன்லோட்ஸ் கோப்புறை எங்காவது சிங்க் ஆகிக்கொண்டிருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள். மாற்றி முடித்ததும் சிஎஸ்வியை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள்.

எல்லாம் எடுத்தாயிற்று என்று கணக்கை உடனே மூடிவிடாதீர்கள். அந்த மின்னஞ்சலைக் கொடுத்துத் திறந்த வேறு கணக்குகள், 'கூகுள் மூலம் உள்நுழைக' என்று அழுத்திச் சேர்ந்த தளங்கள், அந்த முகவரிக்கே வரும் கடவுச்சொல் மீட்பு அஞ்சல்கள் எல்லாம் அதில் தொங்கிக்கொண்டிருக்கும். பழைய அஞ்சல்பெட்டியில் 'வெல்கம்', 'வெரிஃபை' என்று தேடினாலே பாதிப் பட்டியல் கிடைத்துவிடும். ஒவ்வொன்றிலும் முகவரியை மாற்றி, வருபவற்றைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிட்டு, ஒரு வருடம் போகட்டும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் அஞ்சல் அனுப்பும் சேவைகள் அதற்குள் தலைகாட்டிவிடும்.