பால் கட்டும் ஆசிட்டிலிருந்து கரண்ட்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கோயில் மண்டபத்தில் பேசப் போயிருந்தேன். ஹைட்ரஜனை எந்தெந்தத் திரவத்தில் வைத்து எடுத்துப் போகலாம் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். ரப்பர் மரத்துப் பாலைக் கெட்டியாக்க ஊற்றுகிற 'பார்மிக் ஆசிட்' என்றதும் முன்வரிசைப் பாட்டி ஒருவர் புடவையைக் கணுக்கால்வரை தூக்கிக் காட்டினார். ஆசிட் பட்ட பழைய தழும்பு. "பால் கட்ட ஊத்துறதுதானே தம்பி? அதுலயா கரண்டு வரும்?"

அதிலேதான் பாட்டி. அடர்த்தியான பார்மிக் ஆசிட் ஒரு லிட்டரில் சுமார் 53 கிராம் ஹைட்ரஜன் இருக்கிறது. ஹைட்ரஜன் காரில் 700 பார் (சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் சுமார் 700 மடங்கு) அழுத்தத்தில் அடைக்கிற வாயுவில்கூட லிட்டருக்கு 40 கிராம் அளவுதான். ருத்தேனியம், பல்லேடியம் போன்ற உலோக வினையூக்கி பட்டால், 100 டிகிரிக்குக் கீழேயே அது ஹைட்ரஜனாகவும் கரியமில வாயுவாகவும் பிரியும். அந்த ஹைட்ரஜன் எரிபொருள் கலத்துக்குள் போனால் மின்சாரம். 2017இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் இதை வைத்துப் பேருந்துக்கே மின்சாரம் கொடுத்தார்கள்.

சரி, நான் பயப்படுவது வேறொன்றுக்கு. இதே ஆசிட் இன்னொரு வழியிலும் பிரியும்: தண்ணீரும் கார்பன் மோனாக்சைடும். நிறமில்லை, மணமில்லை. எரிபொருள் கலத்தில் வினையூக்கியாக இருக்கும் பிளாட்டினத்தைக் கெடுக்கிற அதே வாயு மூடிய அறையில் ஆளையும் கொன்றுவிடும். அடர்த்தியான சல்பூரிக் ஆசிட்டோடு கலந்தால் ஹைட்ரஜன் வராது, இந்த விஷம்தான் வரும். ரப்பர் ஸ்டோர்களில் இரண்டு ஆசிட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். வீடியோ பார்த்துவிட்டு வீட்டில் செய்து பார்க்க நினைக்கும் பிள்ளைகளே, தயவுசெய்து வேண்டாம். ஆய்வகத்தில் முறையான வினையூக்கியும் வாயு அளவியும் வைத்துச் செய்கிற வேலை இது.

ஆசிட் மேலே பட்டுவிட்டால் சட்டையைக் கழற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவுங்கள். கண்ணில் பட்டாலும் அப்படியே கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரி. பாட்டியின் காலத்தில் சேற்றைத்தான் பூசினார்களாம். கேட்கவே மனசு வலித்தது. அப்புறம், தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை அல்ல.

கூட்டம் முடிந்ததும் பாட்டியின் மகன் தன் ஸ்டோருக்குக் கூட்டிப்போனார். வாடை வருகிறதென்று டிரம் மூடியின் காற்றுத் துளையை ரப்பர் வைத்து அடைத்து, மேலே டேப் சுற்றியிருந்தார். அடர்த்தியான ஆசிட் வெறுமனே இருந்தாலும் மெல்ல மெல்லப் பிரிந்து அந்த விஷ வாயு சேரும், டிரம் உப்பும். முதலில் கதவையும் ஜன்னலையும் திறந்துவைத்தோம். கண்ணாடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு டேப்பை அவரே பிரித்தார். ரப்பரை லேசாக நெம்பியதும் 'புஸ்' என்று ஒரு சத்தம்.