‘நின்றநிலை நகைச்சுவை’ என்று எழுதாதீர்கள்: ஸ்டாண்ட்அப் காமெடிக்குத் தமிழ்ச்சொல் எது?

சென்ற மாதம் எங்கள் குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. ‘நின்றநிலை நகைச்சுவை: பொழுதுபோக்காகவும் தொழிலாகவும். ஒருநாள் பயிலரங்கம்’ என்று அதில் அச்சிட்டிருந்தார்கள். என்னோடு காலையில் நடக்க வரும் நண்பர், எழுபது வயதைத் தாண்டியவர், அதை இருமுறை படித்துவிட்டு, “முழங்கால் வலி உள்ளவர்களையும் சேர்த்துக்கொள்வார்களா சார்?” என்று கேட்டார். அவர் கேலி செய்யவில்லை. நின்ற நிலை ஆசனங்கள், அமர்ந்த நிலை ஆசனங்கள், படுத்த நிலை ஆசனங்கள் என்று யோகாசன நூல்கள் பகுத்துச் சொல்வதைப் படித்துப் பழகியவர் அவர். பூங்காவில் சிலர் வட்டமாக நின்று கைகளை உயர்த்திச் சிரிப்பதையும் நாள்தோறும் பார்ப்பவர். இரண்டையும் கூட்டிப் பார்த்து அவர் வந்த முடிவில் பிழையில்லை. பயிலரங்கமோ ஸ்டாண்ட்அப் காமெடியைப் பற்றியது, ஒருவர் தனியே பேசிக் கூட்டத்தைச் சிரிக்க வைக்கும் கலை அது. பிழை ‘நின்றநிலை’ என்ற சொல்லில் இருக்கிறது.

இத்தொடரை நான் எதிர்கொள்வது முதல்முறையும் அன்று. தொலைக்காட்சி உரையாடல் ஒன்றில் கேட்டேன். வார இதழ்க் கட்டுரை ஒன்றில் படித்தேன். அயல்மொழி நிகழ்ச்சி ஒன்றின் அடிவரிகளில் (சப்டைட்டில்) கண்டேன். நான்காம் முறை எங்கள் வாசலுக்கே வந்துவிட்டதால் எழுத வேண்டியதாயிற்று.

ஆங்கிலச் சொல்லின் வரலாறு சுருக்கமானது. பிரித்தானிய மியூசிக் ஹால் அரங்குகளில் பாட்டு, ஆட்டம், குட்டிநாடகம், வித்தை எனப் பலவும் அடுத்தடுத்து நடக்கும். அவற்றினிடையே முன்திரைக்கு முன்னால் ஒருவர் தனியே நின்று கூட்டத்தைச் சிரிக்க வைப்பார். திரைக்குப் பின்னால் அடுத்த காட்சிக்கு மேடையை மாற்றிக்கொண்டிருப்பார்கள். 1910களிலேயே பிரித்தானிய இதழ்களில் ‘ஸ்டாண்ட்அப்’ என்ற அடைமொழி இத்தகையோருக்கு வழங்கியிருக்கிறது. அமெரிக்காவில் இரவு விடுதிகளை நடத்திய குற்றக்கும்பல்கள், பின்வாங்காமல் நின்று குத்துவிடும் குத்துச்சண்டைக்காரருக்கு வழங்கிய பெயரை நகைச்சுவைக்காரருக்கும் மாற்றிக்கொடுத்தன என்றொரு கதை உண்டு. சுவையான கதைதான், ஆனால் அந்த விடுதிகள் செழித்த காலத்துக்கு முன்பே இங்கிலாந்தில் சொல் புழங்கிவிட்டதால் அதை நம்ப எனக்கு மனமில்லை.

இதிலிருந்து கொள்ளவேண்டியது ஒன்றுதான். ஆங்கிலத்தில் அந்த ‘நிற்றல்’ கால்களைப் பற்றியதன்று. வேடம், பக்கவாத்தியம், துணை நடிகர், காட்சித்திரை எதுவுமின்றி, பாடாமல் ஆடாமல், வெறுமனே நின்று கூட்டத்தை நோக்கி நேராகப் பேசுகிறார் என்பதே அதன் பொருள். எதையெல்லாம் செய்யவில்லை என்பதைச் சொல்ல வந்த சொல் அது. அதைத் தமிழாக்கியவர் அகராதியைத் திறந்து ‘ஸ்டாண்ட்’ என்பதற்கு நேராக இருந்ததை எடுத்துக்கொண்டு மூடிவிட்டார்.

அவர் எடுத்துக்கொண்ட ‘நில்’ என்ற வினை தமிழில் இரட்டைப் பொருளுடையது. மரம் நிற்கிறது என்றால் ஒன்று, மழை நின்றது என்றால் வேறொன்று. உயிருள்ளது நின்றால் பெரும்பாலும் நிமிர்ந்திருக்கிறது. நிகழ்வது நின்றால் முடிந்துபோகிறது. மின்விசிறி நின்றது, கல்யாணம் நின்றது, சம்பளம் நின்றது. நகைச்சுவையோ நிகழ்வது. ஆகவே ‘நின்ற நகைச்சுவை’ என்றால் பாதியில் அறுந்த நகைச்சுவை என்றே தமிழ்க்காது கேட்கும். இதை உணர்ந்துதான் ‘நிலை’ என்பதை நடுவில் செருகியிருக்க வேண்டும். செருகியதும் அது யோகாசனமாகிவிட்டது, இல்லையேல் கோயிலாகிவிட்டது. மதுரைக் கூடலழகர் கோயிலில் பெருமாள் இருந்த கோலத்திலும் நின்ற கோலத்திலும் கிடந்த கோலத்திலும் மூன்று அடுக்குகளில் காட்சி தருகிறார். நின்றநிலை நகைச்சுவை என்று ஒன்று இருக்குமானால், இருந்தநிலை நகைச்சுவையும் கிடந்தநிலை நகைச்சுவையும் எங்கே என்று கேட்பது தமிழ் மனத்துக்கு இயல்பு.

‘நின்றுநகை’ என்று சுருக்கிக்கொள்ளலாமே என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் என்னிடம் சொன்னார். அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்ற பழமொழியை அவர் மறந்துவிட்டார். அங்கே ‘நின்று’ என்றால் தாமதித்து. வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு புரிந்து சிரிக்கும் நகைச்சுவைக்கு வேண்டுமானால் அப்பெயர் பொருந்தும். மேடையில் ஐந்து நிமிடம் கிடைத்த இளைஞருக்கு அது சாபம்.

இலக்கணத்தை விட்டுவிட்டு நடைமுறையைப் பார்த்தாலும் இத்தொடர் தேறாது. அயர்லாந்தைச் சேர்ந்த டேவ் ஆலன் உயரமான நாற்காலியில் கால்மேல் கால் போட்டு, கையில் கோப்பையுடன் உட்கார்ந்தே பேசிப் புகழ்பெற்றார். ஆஸ்திரேலியாவின் ஸ்டெல்லா யங் சக்கர நாற்காலியில் வந்து இக்கலையை நிகழ்த்தினார். ஆங்கிலத்தில் இவர்களையும் அதே சொல்லால் அழைப்பதில் உறுத்தல் இல்லை, ஏனென்றால் அங்கே சொல்லின் நேர்ப்பொருள் தேய்ந்துவிட்டது. புதிதாகச் செய்யும் தமிழ்த்தொடரில் எதுவும் தேய்ந்திருக்காது. ஒவ்வொரு உறுப்பும் தன் முழுப்பொருளைக் காட்டிக்கொண்டு நிற்கும். சக்கர நாற்காலியில் இருப்பவரை ‘நின்றநிலை நகைச்சுவையாளர்’ என்று தமிழில் அறிமுகப்படுத்திப் பாருங்கள், அரங்கம் கூசும்.

பிற மொழியினர் என்ன செய்தார்கள் என்று பார்ப்பதும் பயன்தரும். ஸ்பெயினில் இக்கலைஞரைத் தனிமொழி பேசுபவர் என்கிறார்கள். சீனத்தில் ‘துவோகோஷியூ’ என்பது ஆங்கில ‘டாக் ஷோ’வின் ஒலிப்பெயர்ப்பு, எனினும் தேர்ந்தெடுத்த எழுத்துகள் ‘வாய்நழுவும் காட்சி’ என்ற பொருளையும் தந்துவிடுகின்றன. அத்தகைய குறும்பு நம் கலைச்சொல்லாக்கக் குழுக்களுக்கு என்று வாய்க்குமோ தெரியவில்லை. ஜப்பானியரின் ராக்குகோ மரபில் கலைஞர் மெத்தைத் திண்டில் மண்டியிட்டு அமர்ந்து, ஒரு விசிறியையும் ஒரு கைத்துண்டையும் மட்டும் வைத்துக்கொண்டு தனியே கதை சொல்லிச் சிரிக்க வைப்பார். ‘அமர்ந்தநிலை’ என்று அவர்கள் பெயரிடவில்லை. ராக்குகோ என்பதன் எழுத்துகளுக்கு ‘விழும் சொல்’ என்று பொருள். கதை முடிவில் வந்து விழும் அந்த ஒற்றை வரியை வைத்துப் பெயர். நேர்மைக்காக ஒன்றைச் சொல்லவேண்டும்: சுவீடிஷ் மொழியினர் ஆங்கிலத் தொடரை உறுப்புக்கு உறுப்பாக மொழிபெயர்த்துத்தான் வழங்குகிறார்கள். அவர்கள் வினைச்சொல் ஆங்கிலத்துக்கு உடன்பிறப்பு, அதனால் ஒட்டிக்கொண்டது. நம்முடையது அப்படியன்று.

இனி, நின்றநிலைக்கு மாற்றாக வழங்கும் ‘மேடைச் சிரிப்புரை’. இது எவ்வளவோ மேல். இதைச் செய்தவர் குறைந்தது அது பேச்சுக்கலை என்பதைக் கண்டிருக்கிறார். எனக்கு இரண்டு தடைகள். ‘மேடை’ இங்கே எதையும் பிரித்துக்காட்டவில்லை. பட்டிமன்றமும் மேடைதான், நாடகமும் மேடைதான். இக்கலைக்குப் பல நேரங்களில் மேடையே இருப்பதில்லை, காப்பிக்கடையின் ஒரு மூலையில் மேசைகளைத் தள்ளிவிட்டு ஒரு மைக்கை நிறுத்தினால் போதும். இரண்டாவது தடை சிறியது, ஆனால் தொல்லை தருவது: ‘சிரிப்புரை’ என்று எழுதிக் கொடுத்தால் அழைப்பிதழ் அச்சடிப்பவர் எழுத்துப்பிழை என்று எண்ணிச் ‘சிறப்புரை’ ஆக்கிவிடுவார். சிறப்புரையில் யாரும் சிரிப்பதில்லை.

‘தனிநடிப்பு’ என்று பள்ளிப் போட்டிகளில் வழங்கும் அழகான சொல்லை ஒட்டித் ‘தனிநகைப்பு’ எனலாமா என்று நானும் எண்ணியதுண்டு. தானே தனியாகச் சிரித்துக்கொள்பவரை ஊர் என்ன சொல்லும் என்பதை நினைத்துக் கைவிட்டேன். ‘நகையுரை’யும் நன்றாகத்தான் ஒலித்தது. ஆனால் உரைத்தல் என்றால் உரைகல்லில் தேய்த்தலும் ஆகும். நகையையும் உரையையும் சேர்த்தால் பொற்கொல்லர் பட்டறை வந்துவிடுகிறது.

நான் முன்வைப்பது ‘நகைமொழி’. இது என் சொல் அன்று, தொல்காப்பியருடையது. செய்யுளியலில் உரைநடையை நான்காக வகுக்குமிடத்தில், ‘பொருள்மரபு இல்லாப் பொய்ம்மொழி’ என்று ஒன்றையும், ‘பொருளொடு புணர்ந்த நகைமொழி’ என்று ஒன்றையும் அடுத்தடுத்து வைக்கிறார். பொய்ம்மொழிக்கு யானையும் குருவியும் நட்புக்கொண்ட கதையை, பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியரின் உரை காட்டும். நகைமொழி அதனினும் வேறு: பொருளோடு கூடியது, அதாவது நடப்பைப் பற்றிக்கொண்டு வருவது என்றே நான் கொள்கிறேன். ஸ்டாண்ட்அப்பைத் துணுக்குச் சொல்லுவதிலிருந்தும் மிமிக்ரியிலிருந்தும் பிரிக்கும் கோடு இதுவே. பலகுரல் கலைஞர் பிறர் குரலில் பேசுகிறார். பட்டிமன்றப் பேச்சாளர் தனக்குத் தந்த அணியின் பக்கம் பேசுகிறார். இவரோ தன் குரலில், தன் வீட்டையும் வேலையையும் வெட்கத்தையும் பேசுகிறார். மாமியார் கதையில் பாதி புளுகாக இருக்கலாம், ஆனால் மாமியார் உண்டு. 2005இல் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கிய கலக்கப்போவது யாரு நிகழ்ச்சியில் மிமிக்ரியும் துணுக்கும் மிகுதி. அலெக்சாண்டர் பாபுவோ கார்த்திக் குமாரோ ஒரு மணி நேரத்துக்கு மேல் தன்கதையாகவே நிகழ்த்துவது அதனினும் வேறான கலை. இரண்டையும் ‘காமெடி ஷோ’ என்ற ஒரே பையில் போடுகிறோம்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கைச் சொல்கிறது. யார் வேண்டுமானாலும் ஏறிப் பேசலாம் என்ற ஓபன் மைக் நிகழ்ச்சி ஏதேனும் ஒன்றுக்குச் சென்று ஓரமாக உட்கார்ந்து இந்நான்கில் எது எத்தனைமுறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். முதல்முறை ஏறுபவர் எள்ளலையே நம்பி வருகிறார், முன்வரிசையில் இருப்பவரின் வழுக்கையில் தொடங்குகிறார். தேறியவர் தன் பேதைமையைச் சொல்லுகிறார்.

‘நகை’ என்றால் இன்று பொன்நகைதானே, நகைக்கடன்தானே என்று கேட்பார்கள். நியாயமான தடை. ஆனால் ‘நகைச்சுவை’ என்று எழுதும்போது யாரும் பொன்னைச் சுவைப்பதாக எண்ணுவதில்லையே. ‘மொழி’ சேர்ந்ததும் பொருள் தெளிந்துவிடுகிறது. தவிரவும் நகைச்சுவை என்பது ஒரு சுவையின் பெயர், ஒரு கலைவடிவத்தின் பெயர் அன்று. நாடகத்திலும் கவிதையிலும் கடிதத்திலும் அது இருக்கும். கலைவடிவத்துக்குத் தனிப்பெயர் வேண்டும்.

தொழிலாகக் கொள்பவருக்கு இது வெறும் சொல்விளையாட்டு அன்று. வார நாள்களில் மென்பொருள் அலுவலகம், வார இறுதியில் ஓபன் மைக் என்று அலையும் இளைஞர்கள் சென்னையில் உண்டு. ஐந்து நிமிடப் பேச்சை வைத்துக்கொண்டு, நேரம் முடிந்ததைக் காட்டும் விளக்கைப் பார்த்தபடி, அதே வரிகளை வெவ்வேறு கூட்டத்தின்முன் மாற்றி மாற்றிச் சொல்லி, எடுபடாததை வெட்டி, எடுபட்டதை நீட்டி, ஐந்தைப் பத்தாக்கிப் பத்தை அறுபதாக்குவது ஆண்டுக்கணக்கான உழைப்பு. அவருக்குப் பெண்பார்க்கும் நாளும் வரும். பையன் என்ன செய்கிறான் என்ற கேள்விக்கு ‘நின்றநிலை நகைச்சுவையாளர்’ என்று விடை சொன்னால், வேலை நின்றுவிட்டது என்றே பெண்வீட்டார் பொருள்கொள்வர்.

அடிவரி மொழிபெயர்ப்பாளர்களைப் பற்றியும் ஒரு சொல். இக்கலைக்குள்ளேயே புழங்கும் சொற்களையும் இவர்கள் விட்டுவைப்பதில்லை. மேடையில் எடுபடாமல் போனதைச் சொல்லும் ஆங்கிலத் தொடரை ‘நான் அங்கே இறந்துவிட்டேன்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, இது பேய்க்கதையா என்று கேட்டார். ஓபன் மைக் ‘திறந்த ஒலிவாங்கி’ ஆகிறது, பழுதுபார்க்கப் பிரித்துப்போட்டது போல. பஞ்ச்லைன் ‘குத்துவரி’ ஆகிறது. நம்மிடம் முத்தாய்ப்பு இருக்கிறது. பேச்சு முடிவில் வைக்கும் அழுத்தத்துக்கு அதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியாது. ரோஸ்ட் ஒன்றுதான் தப்பியது, ‘வறுத்தெடுத்தல்’ என்று நாமே முன்பிருந்து சொல்லிவருவதால். சிரிப்பு வராத துணுக்குக்குக் கடி, அறுவை, மொக்கை, பிளேடு என்று நான்கு சொல் படைத்த மக்களுக்கு, சிரிப்பு வரும் பேச்சுக்கு ஒரு சொல் கிடைக்காமல் போகுமா?

வழக்கில் இப்படிக் கொள்ளலாம்: கலை நகைமொழி, நிகழ்த்துபவர் நகைமொழியாளர், ஒருவர் மட்டுமே நிகழ்த்துவதை அழுத்திச் சொல்லவேண்டிய இடத்தில் தனிநகைமொழி. ஓபன் மைக்குக்கு ‘யாரும் ஏறும் மேடை’ என்று விரித்தே எழுதிவிடலாம், கலைச்சொல் தேடி அலையவேண்டாம். இவை எதுவும் பிடிக்காதவர்கள் ‘ஸ்டாண்ட்அப் காமெடி’ என்று எழுதட்டும், எனக்கு வருத்தமில்லை. பஸ்ஸையும் காப்பியையும் தாங்கிய தமிழ் இதையும் தாங்கும். எழுதும்போது ஒரே எழுத்துக்கூட்டலைப் பின்பற்றினால் போதும். ஸ்டான்டப், ஸ்டேண்ட்-அப், ஸ்டாண்டுஅப் என்று ஒரே பக்கத்தில் மூன்று வடிவங்களைக் கண்டிருக்கிறேன்.

பயிலரங்கம் நடத்திய இளைஞரை மின்தூக்கியில் சந்தித்தபோது இதையெல்லாம் சொன்னேன். நான்கு மாடி ஏறும்வரை பொறுமையாகக் கேட்டார். மறுநாள் தாளில் ‘நின்றநிலை’யை அடித்துவிட்டு எதையும் எழுதாமல் விட்டிருந்தார். முழங்கால் வலிக்காரர் பெயர் கொடுத்துவிட்டார்.