ஹோட்டல்: சாப்பாடா, அறையா?

"ஹோட்டலுக்குப் போகலாமா?" என்று வீட்டில் யாராவது கேட்டால் நம் கண்முன் வருவது தோசைதான், கட்டில் மெத்தை அல்ல. தங்குவதற்கு லாட்ஜ் பார்ப்போம், ரூம் போடுவோம். ஆங்கிலத்திலோ ஹோட்டல் என்றால் முதலில் தங்குமிடம்.

சொல்லின் வேர் லத்தீன். அங்கே 'ஹாஸ்பெஸ்' என்பது விருந்தினரையும் குறிக்கும், அவரை வரவேற்பவரையும் குறிக்கும். பழைய பிரெஞ்சில் அந்த வேரிலிருந்து 'ஹாஸ்டெல்' வந்தது. போகப்போக நடுவிலிருந்த 'ஸ்' உதிர்ந்து 'ஒத்தெல்' ஆயிற்று. உதிர்ந்த எழுத்தின் அடையாளமாக இன்றும் பிரெஞ்சில் அந்த 'ஒ'வின் தலைமேல் சின்னக் கூரைக்குறி ஒன்று நிற்கிறது. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் அதை எடுத்துக்கொண்டது. ஹாஸ்டலும் ஹாஸ்பிடலும் இதே குடும்பம்தான்.

இந்தச் சொல்லுக்குள் சாப்பாடும் அறையும் ஒட்டிக்கிடந்ததைப் புரிந்துகொள்ள அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஹோட்டல் நடத்திய ஹார்வி பார்க்கரின் வாழ்க்கை நன்றாக உதவும். 1805இல், இன்றைய மெய்ன் மாநிலத்தின் டெம்பிள் என்ற ஊரில் பிறந்தவர். 20 வயதில் பிழைப்புத் தேடி பாஸ்டனுக்கு வந்தார். குதிரைவண்டி ஓட்டினார். மதியம் சாப்பிடப் போன நிலவறைக் கடையையே 1832இல் 432 டாலருக்கு வாங்கினார். 1855 அக்டோபரில் பாஸ்டனின் ஸ்கூல் தெருவில் 'பார்க்கர் ஹவுஸ்' என்ற ஹோட்டலைத் திறந்தார்.

அன்றைய அமெரிக்க ஹோட்டல்களில் அறைக்கும் உணவுக்கும் சேர்த்து ஒரே கட்டணம். குறித்த நேரத்தில் பொது மேசையில் உட்கார வேண்டும். தவறினால் போட்ட பணம் போச்சு. இதற்கு 'அமெரிக்கன் பிளான்' என்று பெயர். பார்க்கர் இரண்டையும் பிரித்தார். அறைக்குத் தனி வாடகை. பசித்தபோது வந்து, வேண்டியதைக் கேட்டு, சாப்பிட்டதற்கு மட்டும் காசு. இது 'ஐரோப்பியன் பிளான்'. சாப்பாட்டுக் கடை நடத்தி வளர்ந்தவருக்கு இது தோன்றியதில் எனக்கு வியப்பில்லை. அவருடைய சமையலறையில் பிறந்த பார்க்கர் ஹவுஸ் ரோல் இன்றும் சுடப்படுகிறது: மாவைத் தட்டி, வெண்ணெய் தடவி, பாதியாக மடித்துச் சுட்ட மெத்தென்ற ரொட்டி. பார்க்கர் 1884இல் காலமானார்.

நம் ஊர்ப் பழைய பலகைகளில் 'போர்டிங் அண்ட் லாட்ஜிங்' என்று எழுதியிருப்பார்கள். போர்டிங் சாப்பாடு, லாட்ஜிங் தங்கல். பேச்சில் மட்டும் 'ஹோட்டல்' சாப்பாட்டுப் பக்கமே சாய்ந்துவிட்டது. 'விருந்து' என்ற நம் சொந்தச் சொல்லும் இதே வழியில் போனதுதான். பழந்தமிழில் அது புதுமை. பிறகு புதிதாய் வந்த ஆள். "செல்விருந்து ஓம்பி வருவிருந்து பார்த்திருப்பான்" என்ற குறளில் விருந்து மனிதர்தான், இலையில் வைத்த சோறு அல்ல. வந்தவரைக் குறித்த சொல் இன்று அவருக்குப் போடும் சாப்பாட்டைக் குறிக்கிறது.

ஆகவே ஹோட்டலுக்கு ஒரே தமிழ்ச்சொல் போதாது. சாப்பிட மட்டும் என்றால் உணவகம். தங்க என்றால் தங்கும் விடுதி. வெறும் 'விடுதி' என்றால் மாணவர் விடுதியோ என்ற குழப்பம் வரும். 'உணவு விடுதி' என்று எழுதுவதை நான் தவிர்ப்பேன், அங்கே யாரும் தங்குவதில்லை. ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கும்போது இடம் பார்த்துத்தான் எழுத வேண்டும்: 1832இல் பார்க்கர் உணவக உரிமையாளர், 1855இலிருந்து தங்கும் விடுதி உரிமையாளர்.