நாக்கில் புண், கையில் நார்மல் ரிப்போர்ட்

நாலு மாதமாக நாக்கின் ஓரத்தில் ஆறாத புண். வந்தவர் வாயைத் திறப்பதற்கு முன் ஃபைலைத் திறந்தார். "கேன்சர் மார்க்கர் எல்லாமே எடுத்துப் பார்த்துட்டேன் டாக்டர், நார்மல்தான்." மார்க்கர் என்றால் சில புற்றுகளில் ரத்தத்தில் கூடும் புரதங்கள். சி.இ.ஏ., எஸ்.சி.சி. ஆன்டிஜென், அதோடு வாய்ப்புற்றுக்குச் சம்பந்தமே இல்லாத நாலைந்து பெயர்கள். விரலால் புண்ணைத் தொட்டேன். அடியில் கல் மாதிரி கெட்டி. தாடைக்குக் கீழே ஒரு நெறி, அதாவது வீங்கிய நிணநீர்க் கணு. அன்றே பயாப்ஸிக்குப் புண்ணிலிருந்து துளி திசு எடுத்தோம், புற்றுதான். அந்த ரத்த ரிப்போர்ட்டின் தேதியைப் பார்த்தேன். மூன்று மாதம் பழையது. அதை நம்பி மூன்று மாதம் நிம்மதியாக இருந்திருக்கிறார்.

இந்த மாதத்தில் இப்படி வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

"புற்றுநோய் இருந்தால் ரத்தத்தில் தெரிந்துவிடும்" என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. சர்க்கரையை ரத்தம் சொல்கிறது, கொழுப்பைச் சொல்கிறது, இதையும் சொல்லாதா? சொல்லாது. வாய், தொண்டை, குரல்வளையில் வரும் புற்று திசுவில் இருக்கிறது. கட்டி சிறிதாக இருக்கும்போது, அதாவது முழுதாகக் குணப்படுத்தக்கூடிய நாட்களில், இந்த மார்க்கர்கள் பெரும்பாலும் நார்மலாகவே இருக்கும். மறுபக்கமும் உண்டு. எஸ்.சி.சி. ஆன்டிஜென் 1977-இல் கருப்பைவாய்ப் புற்றில் கண்டறியப்பட்ட புரதம். ஆரோக்கியமான தோலிலும் எச்சிலிலும்கூட அது இருக்கிறது. சொரியாசிஸ் இருந்தால் ஏறும், சிறுநீரகம் பழுதானால் ஏறும், ரத்த மாதிரியில் துளி எச்சில் கலந்தாலும் ஏறும். சி.இ.ஏ. புகைப்பவர்களுக்குப் புற்று இல்லாமலே கூடுதலாக இருக்கும். நார்மல் என்றால் நோய் இல்லை என்றும் அர்த்தமில்லை, கூடினால் நோய் உண்டு என்றும் அர்த்தமில்லை. தயவுசெய்து இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

இன்னொரு கேள்வி இதைவிட வருத்தம் தருவது. நோய் உறுதியான பிறகு மகளோ மகனோ தனியாக வந்து, "அப்பாவுக்கு மார்க்கர் இவ்வளவு வந்திருக்கே, இன்னும் எவ்வளவு நாள்?" என்று கேட்கிறார்கள். சிகிச்சைக்கு முன் எஸ்.சி.சி. ஆன்டிஜெனோ சைஃப்ரா 21-1 என்ற இன்னொரு மார்க்கரோ கூடுதலாக இருந்த நோயாளிகளுக்குச் சராசரியாக விளைவு மோசமாக இருந்தது என்று ஆய்வுகள் சொல்வது உண்மை. பெரிய கட்டியும் நெறிகளும் உள்ளவர்களிடம் அவை கூடுகின்றன, அதுவும் ஒரு காரணம். கூட்டத்தைப் பற்றிய அந்தக் கணக்கை வைத்து உங்கள் அப்பாவுக்கு நாள் குறிக்க முடியாது. நான் குறிப்பதில்லை.

எங்களுக்கு வழி காட்டுவது, எடுத்த திசுவைச் சோதித்துத் தரும் பேத்தாலஜி ரிப்போர்ட். கட்டி எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது? வாய்ப்புற்றில் 2 செ.மீ.க்குள் அடங்கும் கட்டிகூட 5 மி.மீ.க்கு மேல் ஆழம் போனால் 'டி1' என்ற முதல் படியைத் தாண்டி 'டி2' ஆகிவிடும். நெறிக்குப் பரவியதா, நெறியின் உறையைக் கிழித்து வெளியே வந்ததா, வெட்டிய விளிம்பில் நோய் மிச்சமா? அறுவைக்குப் பின் கதிர்வீச்சோடு கீமோவும் சேர்ப்பதா என்பதைக் கடைசி இரண்டு கேள்விகள்தான் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. (ஹெச்.பி.வி. என்ற வைரஸால் வந்த புற்றா என்று அறிய உதவும் பி16 என்பதும் திசுவில் செய்யும் சோதனை. அதை ரத்தத்தில் எடுத்துத் தரச் சொல்லிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.)

ரத்தம் உண்மையிலேயே உதவும் இடமும் உண்டு. மூக்கின் பின்பகுதியில் வரும் நேசோஃபேரிஞ்சியல் புற்றில் எப்ஸ்டைன்-பார் வைரஸின் டி.என்.ஏ. ரத்தத்தில் மிதக்கும். ஹாங்காங்கில் அறிகுறியே இல்லாத 20,174 ஆண்களைப் பரிசோதித்து 34 பேருக்கு இந்தப் புற்றைக் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலும் ஆரம்ப நிலையிலேயே. 2017-இல் வெளியான ஆய்வு அது. சிகிச்சை முடிந்த பிறகும் அந்த டி.என்.ஏ. தங்கியிருந்தால் நாங்கள் கவலைப்படுவோம். ஹெச்.பி.வி.யால் டான்சிலிலும் அடிநாக்கிலும் வரும் புற்றுக்கும் இதேபோன்ற சோதனை வளர்ந்து வருகிறது. அதைக் கொண்டுபோய் வாய்க்குள் தெரியும் முன்நாக்குப் புற்றுக்கும் கன்னப் புற்றுக்கும் பொருத்தாதீர்கள்.

மூன்று வாரம் தாண்டிய வாய்ப்புண், குரல் கம்மல், விழுங்கும்போது வலி, கழுத்தில் கட்டி, வாய்க்குள் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு: நேரே டாக்டரிடம் போங்கள், லேபுக்கு அல்ல. பயாப்ஸி என்றால் தள்ளிப்போடாதீர்கள். ஊசி பட்டால், கத்தி பட்டால் பரவும் என்று பயந்து உட்கார்ந்திருக்கும் மாதங்களில்தான் நோய் பரவுகிறது. முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் எந்த ரத்தப் பரிசோதனைக்கு முன்பும் சொல்லிவிடுங்கள். சில சோதனைகளின் எண்ணை அது புரட்டிவிடும்.

சிகிச்சை முடிந்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். நோய் திரும்பி வருவது பெரும்பாலும் முதல் இரண்டு, மூன்று வருடங்களுக்குள். மார்க்கர் நார்மல் என்று போனில் சொல்லிவிட்டு ரிவ்யூவுக்கு வராமல் இருக்காதீர்கள். நான் கழுத்தைத் தடவிப் பார்க்க வேண்டும், உள்ளே ஸ்கோப் விட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பக்கக் காதுவலி புதிதாக ஆரம்பித்தாலோ, எச்சிலில் ரத்தம் தெரிந்தாலோ, கொடுத்த தேதிவரை காத்திருக்க வேண்டாம், மறுநாளே வந்துவிடுங்கள்.