கோடி செட்டிங்ஸ்: எதை எடுத்து வைப்பது, எதைத் திருப்பிப் போடக் கூடாது

வீடுகளில் டிவிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கம்ப்யூட்டரோ ஆண்ட்ராய்டு பாக்ஸோ வைத்து அதில் கோடி (Kodi) என்ற, நம்மிடம் உள்ள படங்களையும் தொடர்களையும் வரிசைப்படுத்தி டிவியில் ஓட்டும் மென்பொருளைப் போட்டுக் கொடுப்பதும், அது மக்கர் பண்ணும்போது போய்ப் பார்ப்பதும் என் தொழில். படங்கள் இருக்கும் ஹார்டு டிஸ்க்கை எல்லோரும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், சிலர் ரெண்டு காப்பிகூட வைத்திருக்கிறார்கள். ஆனால் எந்தத் தொடரை எதுவரை பார்த்தோம் என்ற கணக்கு, பிள்ளைகளுக்குத் தனியாகப் போட்ட ப்ரொஃபைல், உட்கார்ந்து உட்கார்ந்து பெயர் திருத்தி போஸ்டர் மாற்றிய பழைய படங்களின் வரிசை, இதெல்லாம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் யாருக்கும் தெரிவதில்லை. படத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். இந்த உழைப்பை எங்கே போய் வாங்குவது?

அநேகமாக எல்லாமே 'யூசர்டேட்டா' என்ற ஒரே ஃபோல்டரில்தான் இருக்கிறது. விண்டோஸில் 'ஆப்டேட்டா'வுக்குள், லினக்ஸில் ஹோம் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் கோடி ஃபோல்டரில். ஆண்ட்ராய்டில்தான் ஆபத்து அதிகம், ஏனென்றால் ஆப்பை அன்இன்ஸ்டால் செய்தாலோ 'கிளியர் டேட்டா' கொடுத்தாலோ அந்த ஃபோல்டரும் சேர்ந்தே போய்விடும். "ஸ்லோவா இருந்துச்சு, எடுத்துட்டு மறுபடி போட்டேன் சார்" என்று யாராவது சொன்னால் எனக்கு வயிறு கலங்கும். அதிலும் ஆண்ட்ராய்டு 11-க்கு அப்புறம் சாதாரண ஃபைல் மேனேஜரால் அந்த இடத்துக்குள் நுழைவதே கஷ்டம். அங்கே கோடியின் அதிகாரபூர்வ ரெப்போவில் (ஆட்-ஆன் என்ற துணை மென்பொருள்களை இறக்கும் இடம்) கிடைக்கும் 'பேக்கப்' ஆட்-ஆனைப் போட்டு, பென்டிரைவுக்கோ நெட்வொர்க்கில் உள்ள வேறு கம்ப்யூட்டருக்கோ தானாகவே போகும்படி நேரம் குறித்து வைத்துவிடுங்கள்.

கையால் காப்பி எடுப்பவர்கள் கோடியை முழுசாக மூடிவிட்டு எடுங்கள், மூடிவிட்டுத்தான் திருப்பியும் போடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது டேட்டாபேஸை எடுத்தால் பாதி எழுதிய நிலையில் வரலாம். செட்டிங்குகள் இருக்கும் 'ஜியுஐசெட்டிங்ஸ்' ஃபைலை, மூடும்போது கோடி மறுபடி எழுதும், அதனால் திறந்திருக்கும்போது நீங்கள் போட்ட பழைய ஃபைல் அத்தோடு அழிந்துவிடும்.

பேக்கப் எடுப்பதைவிடத் திருப்பிப் போடும்போதுதான் அதிகம் சொதப்புகிறது. அந்த ஜியுஐசெட்டிங்ஸில் உங்களுடைய விருப்பங்களும் (மொழி, ஸ்கின் என்ற திரைத் தோற்றம், சப்டைட்டில் அளவு) அந்தப் பாக்ஸுக்கே உரிய விஷயங்களும் (எந்த ஆடியோ அவுட்புட், பாஸ்த்ரூ உண்டா, அதாவது சத்தத்தைப் பிரிக்காமல் அப்படியே வெளியே அனுப்ப வேண்டுமா, என்ன ரெசல்யூஷன்) ஒரே ஃபைலில் கலந்து கிடக்கின்றன. ஏவி ரிசீவரோடு (சத்தத்தைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்குக் கொடுக்கும் பெட்டி) இருந்த கம்ப்யூட்டரின் பேக்கப்பை நேராக டிவியில் செருகிய புது பாக்ஸில் போட்டால், படம் ஓடும், சத்தம் வராமல் போகலாம். கேபிளை மாற்றுவார்கள், டிவியைச் சந்தேகப்படுவார்கள். பழைய பாஸ்த்ரூ செட்டிங் உள்ளே உட்கார்ந்திருக்கும். மென்பொருள் எழுதுகிறவர்கள் இந்த ரெண்டையும் தனித்தனி ஃபைலாகப் பிரித்தாலே பாதிப் புகார் குறையும் என்பது என் அபிப்பிராயம். அதுவரைக்கும், வேறு பாக்ஸுக்கு மாறும்போது இந்த ஒரு ஃபைலை மட்டும் விட்டுவிட்டு, அந்த செட்டிங்குகளைக் கையால் வைத்துக்கொள்ளுங்கள்.

டேட்டாபேஸில் ஒவ்வொரு படமும் அதன் முழுப் பாதையோடு பதிவாகியிருக்கும். டி டிரைவ் புதுக் கம்ப்யூட்டரில் இ டிரைவ் ஆகிவிட்டால் லிஸ்ட் அப்படியே தெரியும், எதுவும் ஓடாது. அந்த நேரம் பார்த்து 'கிளீன் லைப்ரரி' அழுத்தி, கிடைக்காத இடத்தில் உள்ளவற்றை எடுத்துவிடச் சம்மதமும் சொல்லிவிட்டால் பார்த்த கணக்கு மொத்தமும் போச்சு. முதலில் டிரைவ் எழுத்தைப் பழையபடி மாற்றப் பாருங்கள். மாறுவதற்கு முன்பே லைப்ரரியைத் தனித்தனி ஃபைல்களாக எக்ஸ்போர்ட் செய்து வைத்திருந்தால் இன்னும் நல்லது, ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்திலேயே அதன் விவரங்களை எழுதிய ஒரு என்எஃப்ஓ ஃபைல் உட்கார்ந்துவிடும். போஸ்டர் படங்களைச் சேர்த்து வைக்கும் தம்ப்நெயில் ஃபோல்டர் இடத்தை அடைக்கும், அது தேவையில்லை. ஆனால் அதை விட்டால், அந்தப் படங்களின் பட்டியலான 'டெக்ஸ்ச்சர்ஸ்13' டேட்டாபேஸையும் சேர்த்தே விடுங்கள், ரெண்டும் ஜோடி.

அப்டேட் விஷயத்தில் கோடி ஒரு நல்ல காரியம் செய்கிறது. புது வெர்ஷன் முதல் தடவை திறக்கும்போது பழைய டேட்டாபேஸைத் தொடாமல், அதிலிருந்து புது எண்ணில் இன்னொன்றை உருவாக்கிக்கொள்கிறது: வெர்ஷன் 19-இல் மைவீடியோஸ்119, 20-இல் 121, 21-இல் 131. பழையதைக் குப்பை என்று நினைத்து உடனே அழிக்காதீர்கள், பழைய வெர்ஷனுக்குத் திரும்ப வேண்டி வந்தால் அதுதான் கைகொடுக்கும். ஆட்-ஆன்கள் கதை வேறு. 2021-இல் வந்த வெர்ஷன் 19 ('மேட்ரிக்ஸ்'), ஆட்-ஆன்கள் எழுதப்படும் பைத்தான் மொழியின் 3-ஆம் பதிப்புக்கு மாறியபோது பழைய ஆட்-ஆன்கள் ஏகப்பட்டவை படுத்துவிட்டன. அதனால் வெர்ஷன் மாறும்போது 'ஆட்-ஆன்ஸ்' ஃபோல்டரை அப்படியே தூக்கிப் போடாமல், ஆட்-ஆன்களை ரெப்போவிலிருந்து புதிதாக இறக்கிவிட்டு அவற்றின் செட்டிங்குகள் இருக்கும் 'ஆட்-ஆன் டேட்டா'வை மட்டும் கொண்டுவாருங்கள். பேக்கப் ஃபோல்டரின் பெயரில் தேதியோடு வெர்ஷன் எண்ணையும் எழுதுங்கள்.

கிளவுடில் ஏற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். யூசர்டேட்டாவில் 'பாஸ்வேர்ட்ஸ்' என்று ஒரு ஃபைல் உண்டு, உங்கள் நெட்வொர்க் டிரைவின் பாஸ்வேர்டு அதில் யார் திறந்தாலும் படிக்கும்படி அப்படியே எழுதியிருக்கும். அதை எடுத்துவிட்டு ஏற்றுங்கள், இல்லையென்றால் பாஸ்வேர்டு போட்ட ஜிப்பாக ஏற்றுங்கள்.