பெயரை மட்டும் சொன்னால் கவிதை வராது

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண் வந்து, நான் டைப்ரைட்டரில் தட்டிக் கொடுத்த தாளையே என் மேஜைமேல் வைத்தார். நான்காக மடித்த தாள். "அண்ணா, இது உங்க மிஷின்ல அடிச்சதுதானே? இனிமே அடிக்காதீங்க" என்றார். கத்தவில்லை. கூட வந்த தங்கைதான் மீதியைச் சொன்னது. தாளை அனுப்பிய ஆளிடம் மூன்று முறை வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டதாம். பூவும் சாக்லெட்டும் திருப்பி அனுப்பியாகிவிட்டதாம். நான்காவதாகப் போய்ச் சேர்ந்தது என் கவிதை.

இந்த வருஷம் இப்படித் திரும்பி வந்த மூன்றாவது தாள் இது. இனியும் சும்மா இருக்க முடியாது.

என்னைத் தெரியாதவர்களுக்கு: வாரநாளில் சென்னை பாரிமுனையில் மனு, அஃபிடவிட் தட்டும் ஜாப் டைப்பிஸ்ட் நான். ஞாயிறு காலையில் ராயபுரம் ராபின்சன் பூங்கா பக்கம் ஒரு மடக்கு மேஜை, பழைய தமிழ் கோத்ரெஜ் மிஷின், இரண்டு ஸ்டூல். உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னால் பத்து நிமிஷத்தில் கவிதை. நூறு ரூபாய். 1949-ல் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் நடந்த இடம் என்பதாலோ என்னவோ, அங்கே வரும் பெரியவர்கள் இன்னும் அடுக்குமொழிதான் கேட்பார்கள். அது எனக்குத் தொல்லையே இல்லை.

தொல்லை இன்னொரு கூட்டம். "பேரு சொல்றேன்ணா, மீதிய நீங்க பாத்துக்குங்க." ஆள் யார், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், "நீங்கதான் கவிஞராச்சே" என்று சிரிப்பு. கவிதை தயாராக இருக்கிறது, காலியிடத்தில் பெயரை நிரப்பினால் போதும் என்ற நினைப்பு. நானே கோர்ட்டு வாசலில் நிரப்புகிற படிவங்கள் அப்படித்தான் இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். கவிதை அப்படி இல்லை.

கொஞ்சம் படித்தவர்கள் காளமேகத்தை இழுப்பார்கள். "ஆசுகவிக்கு எல்லாம் தானா வருமே சார்!" ஐயா, ஆசு என்றால் விரைவு. கொடுத்த பொருளை வைத்து அங்கேயே பாடுவதுதான் ஆசுகவி. பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே பாட்டில் சிலேடை வைத்தாரே காளமேகம், அதில் பாம்பும் இருந்தது, எள்ளும் இருந்தது. விரைவு என்னுடையது, பொருள் உங்களுடையது. பொருளே இல்லாமல் விரைவாகத் தட்டினால் நிலவு, மலர், தேவதை என்றுதான் வரும். அதை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்பதே அதிலுள்ள கோளாறு.

காளமேகம்வரை போவானேன். வியாசர்பாடியிலும் காசிமேட்டிலும் சாவு வீட்டில் கானா பாடுகிறவரைப் பாருங்கள். செத்தவர் என்ன வேலை பார்த்தார், யார்மேல் உயிராக இருந்தார் என்று தெரியாமல் பாடி, அந்தச் சனத்தை அழவைக்க முடியுமா?

மார்கழியில் ஒரு கல்லூரிப் பிள்ளை வந்தது. மீன் விற்ற பாட்டிக்காம். "பாட்டி உனக்கு என்னம்மா குடுப்பாங்க?" என்று கேட்டேன். "பஸ்ஸுக்குப் பத்து ரூபா" என்றது. "எங்கிருந்து எடுத்து?" கொஞ்ச நேரம் யோசித்தது. "சுருக்குப் பைலேர்ந்து. நோட்டுல செதில் ஒட்டியிருக்கும். கண்டக்டர் மூஞ்சிய சுளிப்பாரு." அவ்வளவுதான், தட்ட ஆரம்பித்துவிட்டேன்:

பாட்டி தந்த பத்து ரூபாயைக்
கண்டக்டர் இருமுறை பார்த்தார்.
செல்லாத நோட்டு இல்லை ஐயா,
சங்கராச் செதில்.

பெயரே இல்லை, கவனித்தீர்களா? ஒரு பெண்ணைப் பற்றி அவள் பெயரையும் அழகையும் தவிர எதுவும் சொல்லத் தெரியாதவருக்கு அவளைத் தெரியாது. எனக்குத் திரும்பி வந்த மூன்று தாளும் அப்படி வந்த ஆர்டர்தான். கேட்காமல் தட்டியது என் தப்பு. இப்போது கேட்கிறேன். "இதை யார் படிக்கப் போறாங்க? உங்ககிட்டேர்ந்து காகிதம் வந்தா அவங்க வாங்குவாங்களா?" இதற்குப் பதில் மழுப்பினால் ஸ்டூல் காலியாகலாம். கோபித்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. போகட்டும். பாதிக் கவிதையில் பெயரை மாற்றச் சொன்ன மகராசன்கூட உண்டு. மிஷினில் அழிக்கிற பட்டன் இல்லை தம்பி, எக்ஸ் எக்ஸாகத்தான் அடிக்க முடியும் என்றேன்.

தம்பிகளே, ஒன்று சொல்கிறேன். அவள் வேண்டாம் என்று சொன்ன பிறகு திரும்பத் திரும்ப ஆள்விடுவது, மெசேஜ் போடுவது, பின்னால் போவது எல்லாம் இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 78-வது பிரிவில் குற்றம். கவிதையாக அனுப்பினால் குற்றம் கழுவப்படாது. இந்தப் பிரிவு போட்டு வரும் புகாரையும் நான்தான் தட்டுகிறேன், அதே விரலால்.

தாள் கைக்கு வந்த பெண்கள் கோபத்தில் கிழித்துவிடாதீர்கள். உறையோடு வைத்துக்கொள்ளுங்கள், வந்த தேதியைத் தனியாக ஒரு நோட்டில் குறியுங்கள், வீட்டில் ஒருத்தரிடமாவது சொல்லுங்கள். பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் பண்ணலாம். பதில் கவிதை எழுதச் சொல்லி என்னிடம் வராதீர்கள், பதில் எதுவுமே வேண்டாம்.

அப்புறம் அப்பா அம்மாவுக்கு, நண்பனுக்கு, பிரிந்த தங்கைக்கு என்று வருகிறவர்கள் தயவுசெய்து பயந்து ஓடாதீர்கள். உங்களுக்காகத்தான் மேஜை போடுகிறேன். ஒரு பொருள், ஒரு வாசனை, அவர் அடிக்கடி சொல்லும் ஒரு வார்த்தை, ஏதாவது ஒன்றோடு வாருங்கள். வீட்டு ரகசியத்தைக் கூட்டம் சுற்றி நிற்கும்போது சொல்ல வேண்டாம், டீ குடித்துவிட்டு ஆள் குறைந்ததும் உட்காருங்கள். கார்பன் வைப்பதில்லை, ஒரே காப்பி, அது உங்களுடையது. அதை இன்னொருத்தர் பெயரோடு ஸ்டேட்டஸில் போடுவதற்குமுன் அவரைக் கேளுங்கள்.

அந்தப் பெண்ணிடம் தாளைத் திருப்பிக் கொடுத்து, பத்திரமாக வைக்கச் சொன்னேன். அந்த ஆள் கொடுத்த நூறு ரூபாயை மிஷின் பெட்டியின் மூடியில் தனியாகச் செருகி வைத்திருக்கிறேன். வந்தால் கையில் கொடுத்துவிட்டு நாலு வார்த்தை பேச வேண்டும். இன்னும் வரவில்லை.